அம்மாவின் அறைக்குச் சந்தனமா, பாசியா?

வலது கண்ணைப் பொத்திக்கொண்டு ஒரு தடவை, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு ஒரு தடவை. அம்மா தன் அறைச் சுவருக்கான அந்த இரண்டு நிற அட்டைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஆபரேஷன் பண்ண கண்ணுக்கு ஒண்ணு சந்தனம், ஒண்ணு பச்சை. பண்ணாத கண்ணுக்கு ஒண்ணு மஞ்சள், இன்னொண்ணு அழுக்கு மஞ்சள். நீ எந்தக் கண்ணுக்குப் பெயிண்ட் அடிக்கப் போறே?"

அதுவரை நான் யோசித்தே பார்க்காத கேள்வி அது. அறைக்கு எது பொருந்தும், ஜன்னல் திரைக்கு எது ஒத்துவரும், அலமாரியின் மரநிறத்துக்குப் பக்கத்தில் எது நன்றாக இருக்கும் என்றுதான் ஒரு வாரமாகத் தலையை உடைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சுவர்களுக்கு நடுவே நாளில் இருபது மணி நேரம் இருக்கப்போகிறவளின் கண்ணைக் கணக்கில் எடுக்கவில்லை.

அம்மாவுக்கு 71 வயது. வலது கண்ணில் புரையை எடுத்துவிட்டு லென்ஸ் வைத்து மூன்று மாதம் ஆகிறது. இடது கண்ணுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. வயது ஏற ஏறக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சளாகிக்கொண்டே போகும். புரை முற்றினால் பழுப்பேறிவிடும். உள்ளே வருகிற ஒளியில் நீலப் பங்கை அது பாதி வழியிலேயே தடுத்துவிடும். வருடக்கணக்கில் மெதுவாக நடப்பதால் யாருக்கும் அது உறைப்பதில்லை. ஒரு கண்ணை மட்டும் மாற்றியவர்களுக்குத்தான் இரண்டு உலகமும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். கட்டுப் பிரித்த மறுநாள் அம்மா தன் படுக்கை விரிப்பைக் கையில் எடுத்துப் பார்த்து, "இது வெள்ளையா? நான் இத்தனை நாளா தந்த நிறம்னு நெனச்சிட்டிருந்தேனே" என்றாள். ஓவியர் கிளாட் மொனே 1923இல் வலது கண்ணில் புரை அறுவை செய்துகொண்ட பிறகு, எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று தவித்திருக்கிறார். நிறத்தையே நம்பி வாழ்ந்த மனிதருக்கு அது எவ்வளவு பெரிய கலக்கமாக இருந்திருக்கும் என்பது, விரிப்பைப் பிடித்தபடி நின்ற அம்மாவைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

அம்மாவும் நிறத்தை நம்பிப் பிழைத்தவள்தான். முப்பது வருடத்துக்கு மேல் தையல் வேலை.

இனி அந்த இரண்டு நிறங்கள். ஷேடு கார்டில் அவற்றுக்கு நீளமான பெயர்கள் இருந்தன. வீட்டில் நாங்கள் சந்தனம், பாசி என்றே சொன்னோம். சந்தனம் என்பது வெள்ளையில் கொஞ்சம் மஞ்சளும் அதைவிடக் குறைவாகப் பழுப்பும் கலந்த நிறம். பாசி, சாம்பல் கலந்த வெளிர்பச்சை. ஈரக்கல்லில் படர்ந்து காய்ந்துபோன பாசியைப் பாலில் கரைத்தது போல. கார்டின் பின்பக்கம் ஒளி திருப்பும் அளவு என்று ஒரு எண் போட்டிருந்தது. விழுகிற ஒளி முழுவதையும் விழுங்கிவிடும் கறுப்புக்கு 0, முழுவதையும் திருப்பி அனுப்பும் வெள்ளைக்கு 100. சந்தனத்துக்கு 72, பாசிக்கு 54. அந்த எண்ணை முதலில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அதுதான் முடிவு சொன்னது.

எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தனம்தான். அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஜன்னல் ஒன்றே ஒன்று. அதிலும் நேர்வெயில் ஏறாது, வெளியே ஒரு பெரிய மரம் மறைத்து நிற்கிறது. அப்படிப்பட்ட அறைக்கு வெளிச்சமான, சூடான நிறம் வேண்டும் என்பது யாரும் சொல்வதுதானே. தரை செம்பழுப்பு டைல்ஸ். பழைய சுவர் வெளிர்நீலம்.

பெயிண்டர் அண்ணன் இரண்டு சாம்பிள் டப்பா கொண்டுவந்தார். கட்டிலுக்குப் பின்னால் இருந்த நீலச் சுவரிலேயே ஒரு சந்தனக் கட்டமும் அதை ஒட்டி ஒரு பாசிக் கட்டமும் அடித்துக் காட்டினார். காய்ந்ததும் பார்த்தேன், அதிர்ந்துபோனேன். கார்டில் அவ்வளவு அமைதியாக இருந்த சந்தனம் சுவரில் ரோஜா ஏறிய தோல் நிறத்தில் நின்றது. கலவையில் தப்பு என்று நினைத்து, "அண்ணே, டப்பா மாறிடுச்சா?" என்று கேட்டேன். அவர் மூடியில் ஒட்டியிருந்த எண்ணைக் காட்டினார். சரியான எண்தான்.

அம்மா கட்டிலில் இருந்தபடியே சொன்னாள்: "பக்கத்துல என்ன இருக்குன்னு பாரு. நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவுல வச்சா அது செவக்கத்தான் செய்யும். நூல்கண்டைத் துணி மேல வச்சுப் பாக்காம தனியா பாத்து வாங்கினா இப்படித்தான் ஏமாத்தும்."

அம்மா தையல் மிஷினிலிருந்து கற்றதை மிஷேல் ஷெவ்ரோல் என்ற வேதியியலாளர் பிரான்ஸில் நெசவிலிருந்து கற்றார். பாரிஸில் கோபெலின் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுக்கூடத்தில் 1824இல் சாயப் பிரிவின் பொறுப்புக்கு வந்தவர் அவர். அங்கே அவருக்கு வந்த புகார்களில் ஒன்று, கறுப்பு நூல் கறுப்பாகவே இல்லை என்பது. சாயத்தைச் சோதித்தார், சாயம் நன்றாகத்தான் இருந்தது. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்ததால்தான் கறுப்பு வெளிறித் தெரிந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு நிறங்களில் ஒவ்வொன்றும் மற்றதைத் தன் எதிர்நிறத்தின் பக்கமாகத் தள்ளுகிறது என்று அவர் கண்டார். 1839இல் அதைப் பெரிய நூலாக எழுதினார். என் சுவரில் நடந்ததும் அதுதான். நீலம் சந்தனத்தை ஆரஞ்சு நோக்கித் தள்ளியது, பாசி அதைச் சிவப்பு நோக்கித் தள்ளியது, கீழே செம்பழுப்புத் தரையிலிருந்து ஏறிய வெளிச்சம் இன்னும் கொஞ்சம் சிவப்பைப் பூசியது. அந்தக் கட்டத்தைப் பார்த்துச் சந்தனத்தை ஒதுக்கியிருந்தால், சந்தனம் செய்யாத குற்றத்துக்கு அதைத் தண்டித்த மாதிரி ஆகியிருக்கும்.

ஆகவே சுவரை விட்டுவிட்டு அட்டைக்கு மாறினேன். இரண்டடிக்கு இரண்டடி கெட்டி அட்டை நான்கு. எல்லாவற்றுக்கும் முதலில் வெள்ளை பிரைமர், பிறகு நிறத்துக்கு இரண்டு அட்டை வீதம் இரண்டு கோட்டு, ஓரம் வரைக்கும். ஓரத்தில் வெள்ளை விளிம்பு விடக்கூடாது. வெள்ளைச் சட்டத்துக்குள் எந்த நிறமும் ஒரு படி கறுத்துத் தெரியும். ஈரத்தில் முடிவெடுக்கவும் கூடாது. எமல்ஷன் பெயிண்டில் பசைத் துகள்கள் தண்ணீரில் மிதக்கும்போது ஒளியைச் சிதறடித்துப் பால்போல் காட்டும். தண்ணீர் போனதும் அவை ஒன்றோடொன்று ஒட்டித் தெளிந்து, நிறம் இறங்கும். பாசியில் இந்த இறக்கம் நன்றாகத் தெரிந்தது. அடித்தபோது வெறும் நுரைப்பச்சை. காலையில் பார்த்தால் அதற்கு ஒரு கனம் வந்திருந்தது.

ஏன் நிறத்துக்கு இரண்டு அட்டை? ஒரே நிற அட்டைகள் இரண்டையும் அறையின் மூலையில் எல் வடிவத்தில் நிறுத்திப் பார்ப்பதற்கு. ஒரு சுவரில் பட்ட வெளிச்சம் அடுத்த சுவருக்குப் போகிறது, அங்கே அதே நிறத்தை இன்னொரு முறை ஏற்றிக்கொண்டு திரும்புகிறது. அதனால்தான் கார்டில் மெலிதாகத் தெரிகிற நிறம் நாலு சுவரும் அடித்த பிறகு "இவ்வளவு கெட்டியாவா கேட்டோம்?" என்று நிற்கிறது. மூலையில் நிறுத்தியதும் சந்தனத்தின் மடிப்பில் தெளிவாக மஞ்சள் தேங்கியது. பாசியின் மடிப்பில் பச்சை கூடினாலும் அதிலிருந்த சாம்பல் அதை அடக்கி வைத்தது. யாராவது என்னிடம் நிறம் தேர்ந்தெடுக்க யோசனை கேட்டால், வேறு எதைச் செய்யாவிட்டாலும் இந்த ஒன்றைச் செய்யுங்கள் என்பேன்.

பிறகு ஒரு நாள் முழுக்க அட்டைகளோடு இருந்தேன். ஒரு நேரத்தில் ஒரு நிறம்தான். மற்றதைக் கூடத்தில் திருப்பி வைத்துவிடுவேன்.

காலையில், வானத்து வெளிச்சம் மட்டும் உள்ளே வரும் நேரத்தில், சந்தனம் தன் சூட்டை இழந்தது. மஞ்சள் ஒடுங்கி, துவைத்துத் துவைத்து நிறம் போன துணியாக நின்றது. பாசி அந்த வெளிச்சத்தில் குளிர்ந்து நீலச்சாம்பல் பக்கம் சாய்ந்தது. பதினொரு மணிக்கு மேல் வெயில் வெளியே மரத்தின் உச்சியில் இறங்கியதும் அறையே மாறியது. இலைகளில் வடிகட்டி வந்த பச்சை வெளிச்சம் விதானத்தில் ஏறியது. சந்தனத்தில் அது நோயாளி முகம் போன்ற ஒரு பச்சை மஞ்சளைக் கொண்டுவந்தது. பாசிக்கோ அதுவே சொந்த வெளிச்சம். மரம் ஜன்னலைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்தது போல இருந்தது. என் மனசு முதன்முதலாக அங்கேதான் அசைந்தது.

சாயங்காலம் விளக்கு போடாமல் காத்திருந்தேன். வெளிச்சம் மங்க மங்கக் கட்டிலில் கிடந்த சிவப்புப் போர்வைதான் முதலில் கறுத்தது. மங்கலில் நம் கண் சிவப்பை இழந்து, நீலத்தையும் பச்சையையும் ஒப்புநோக்கப் பளிச்சென்று காணத் தொடங்கும். 19ஆம் நூற்றாண்டில் இதைக் கவனித்து எழுதிய புர்கின்யே என்ற செக் அறிஞரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. இருட்டும் முன் அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில் பாசி, பகலில் இருந்ததைவிட வெளுப்பாக, லேசாக மிதந்தது.

இரவு விளக்கு. பல்பின் ஒளி நிறத்தைக் கெல்வின் என்ற அளவால் குறிப்பார்கள், எண் ஏற ஏற மஞ்சள் குறைந்து நீலம் கூடும். பழைய டியூப்லைட்டைத் தவிர மூன்று பல்புகள் போட்டுப் பார்த்தேன்: 2700 கெல்வின், 4000 கெல்வின், 6500 கெல்வின். முதலாவதின் மஞ்சள் ஒளியில் சந்தனம் பொன்னாக விரிந்தது, அழகு என்றால் அப்படியொரு அழகு. பாசியோ பச்சையைத் தொலைத்துக் காக்கியானது. 6500இல் சந்தனம் எலும்பு நிறம், பாசி ஆஸ்பத்திரி. 4000இல் இரண்டும் தங்கள் பெயருக்கு ஏற்றபடி இருந்தன. பல்பின் பெட்டியில் நிறத்தை எவ்வளவு ஒழுங்காகக் காட்டும் என்பதற்கும் ஒரு எண் இருக்கும், 100க்கு. 80 உள்ள பல்புக்கும் 90க்கு மேல் உள்ள பல்புக்கும் வித்தியாசம் அம்மாவின் உள்ளங்கையில் தெரிந்தது. முதலாவதில் ரத்தமே இல்லாத மாதிரி இருந்தது.

ஜன்னல் திரை அம்மா கையால் தைத்தது. டியூப்லைட்டில் சந்தன அட்டையை அதன் மேல் வைத்தால் எங்கே துணி முடிந்து எங்கே அட்டை தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. அவ்வளவு பொருத்தம். நான் சந்தோஷமாகக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா தலையை ஆட்டினாள். "வாசல்ல கொண்டுபோய்ப் பாரு." வாசலில் பார்த்தால் துணி ஒரு வழி, அட்டை ஒரு வழி, துணி பச்சைக்குச் சாய்ந்தது, அட்டை சிவப்புக்கு. துணியின் சாயமும் பெயிண்டின் நிறமியும் வெவ்வேறு பொருள்கள். ஒளியின் வெவ்வேறு பங்குகளைத் திருப்பி அனுப்புகின்றன. ஒரு விளக்கில் இரண்டின் கூட்டுத்தொகையும் கண்ணுக்கு ஒன்றாக வந்துவிடும், விளக்கு மாறினால் கணக்கு பிரிந்துவிடும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, நூல்கண்டையும் துணியையும் எடுத்துக்கொண்டு அம்மா வாசலுக்கு நடப்பதை நூறு தடவையாவது பார்த்திருப்பேன். காற்று வாங்கப் போகிறாள் என்று நினைத்திருக்கிறேன்.

இத்தனைக்குப் பிறகும் சந்தனத்தை நான் விடவில்லை. காரணம் அந்த எண். 72க்கும் 54க்கும் வித்தியாசம் 18தானே என்று தோன்றும். ஆனால் அறைக்குள் வெளிச்சம் ஒரே ஒரு சுவரோடு நிற்பதில்லை. இரண்டு சுவரில் பட்டுத் திரும்பிய பிறகு சந்தனத்தில் 100க்கு 52 மிஞ்சும், பாசியில் 29. வயதான கண்ணுக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். கண்மணி சுருங்குவதும் லென்ஸ் மங்குவதும் சேர்ந்து விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளியை மிகவும் குறைத்துவிடுகின்றன. அந்த நிலையில் அம்மாவை ஒரு மங்கலான அறையில் உட்காரவைப்பதா என்று எனக்குத் தாங்கவில்லை.

அப்படிக் குழம்பிக்கொண்டிருந்த ஒரு ராத்திரி, இரண்டு மணி இருக்கும், அம்மா அறையில் ஏதோ உரசுகிற சத்தம். போய்ப் பார்த்தால் இரவு விளக்கின் வெளிச்சத்தில் சுவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டு நிற்கிறாள். சுவிட்சைத் தேடுகிறாள். கதவுக்குப் பக்கத்தில் சந்தன அட்டையை நான்தான் சுவிட்ச் பலகையை ஒட்டினாற்போல் சாய்த்து வைத்திருந்தேன். வெள்ளைப் பலகை அதனோடு கரைந்துபோயிருந்தது.

"எங்க போச்சு இது?" என்றாள்.

நான் அட்டையை எடுத்துவிட்டு அதே இடத்தில் பாசியை வைத்தேன். அம்மா கை நேராகப் போய் சுவிட்சில் விழுந்தது.

மறுநாள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். வெள்ளைச் சுவிட்ச் பலகை ஒளி திருப்பும் அளவை ஏறத்தாழ 85 என்று வைத்துக்கொண்டால் சந்தனத்தோடு வித்தியாசம் 13. பாசியோடு 31. பார்வை குறைந்தவர்களும் புழங்கும்படி கட்டடங்களை அமைக்க பிரிட்டனில் பி.எஸ். 8300 என்று ஒரு தரநிலை உண்டு. பக்கத்தில் பக்கத்தில் வரும் பரப்புகளுக்கு இந்த அளவில் 30 புள்ளி இடைவெளி இருந்தால் பிரித்தறியலாம் என்பது அதில் உள்ள பரிந்துரை. கதவுச் சட்டம், சுவிட்ச், கட்டிலின் வெள்ளைத் தலைப்பக்கம் எல்லாமே பாசிச் சுவரில் துலக்கமாக நிற்கும். இதில் இன்னொரு நிம்மதியும் இருந்தது. இது நிறத்தைச் சார்ந்ததில்லை, வெளுப்பு கறுப்பைச் சார்ந்தது. அதனால் மஞ்சளாகப் பார்க்கிற இடது கண்ணுக்கும் அது வேலை செய்யும். அழுக்கு மஞ்சள் சுவரில் மஞ்சள் சுவிட்ச். தெரிந்தால் போதும்.

மூன்று சுவர் சந்தனம், கதவுச் சுவர் மட்டும் பாசி என்று என் தங்கை ஒரு யோசனை சொன்னாள். நியாயமான யோசனைதான். ஆனால் பாசியை ஒட்டிச் சந்தனம் வந்தால் மறுபடியும் அந்த ரோஜாத் தோல் நிறம் வரும். ஒரு தடவை பார்த்தது போதும் என்று விட்டுவிட்டேன். நாலு சுவரும் பாசி, விதானம் வெள்ளை, 4000 கெல்வினில் இன்னொரு விளக்கு கூடுதலாக. வெளிச்சக் குறையை விளக்கு ஈடுகட்டும். சுவிட்ச் கண்ணுக்குத் தெரியாத குறையை எந்த விளக்கு ஈடுகட்டும்? அந்த விளக்கைப் போடவே முதலில் சுவிட்ச் தெரிய வேண்டுமே.

பெயிண்டர் அண்ணன் பளபளப்பு உள்ளதைத்தான் அடிக்கச் சொன்னார், துடைக்க வசதி என்று. அவர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பளபளப்பு, பட்டி பார்த்ததன் மேடு பள்ளம் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். அதோடு, ஆபரேஷன் ஆன கண்ணுக்கு விளக்கு பளிச்சென்று சுவரில் தெறித்தால் கூசுகிறது. பளபளப்பில்லாத மேட் என்று முடிவு செய்தோம். கை படும் இடத்துக்கு ஒரு டப்பாவில் மிச்சத்தை மூடி வைத்திருக்கிறேன். மேட்டில் டச்சப் செய்தால் ஒட்டுப்போட்டது அவ்வளவாகத் தெரியாது.

நீலச் சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட்டு முடிய நான்கு நாள். முதல் கோட்டு காய்ந்த அன்று ரோலர் தடங்களோடு திட்டுத்திட்டாகத் தெரிந்தபோது எனக்கு வயிற்றைப் புரட்டியது. பெயிண்டர் அண்ணன், "ரெண்டாவது கோட்டு வரட்டும்கா, அதுவரைக்கும் உள்ள வராதீங்க" என்று கதவைச் சாத்திவிட்டார். நான்காம் நாள் பதினொன்றரை மணிக்கு, மரத்தில் வெயில் இருக்கும் நேரமாகப் பார்த்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அவள் நடு அறையில் நின்று வலது கண்ணைப் பொத்தினாள். பிறகு இடது கண்ணை. ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் ஓரம் போய்த் திரையைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். "திரையை மாத்தணும்" என்றாள். "இதுக்கு வெள்ளைதான் எடுக்கும். தூய வெள்ளை. துணி எடுத்துக் குடு, நானே தைக்கிறேன்."

சாயங்காலம் அந்த அட்டைகளைத் தூக்கிப் போடலாம் என்று எடுத்தபோது விடவில்லை. நிறத்துக்கு ஒன்றாக இரண்டை வாங்கித் திருப்பினாள். மிஷின் பெட்டியிலிருந்து அடையாளச் சுண்ணாம்பை எடுத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் வலது கண்ணுக்கு எப்படித் தெரிகிறது, இடது கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று எழுதினாள். அந்தக் கண்ணையும் ஆபரேஷன் பண்ணிக் கட்டுப் பிரித்த அன்றைக்கே எடுத்துப் பார்க்கவேண்டுமாம். இப்போது இரண்டும் அலமாரிக்குப் பின்னால் இருக்கின்றன. பாசி அட்டையில் இடது கண்ணுக்கு நேரே, அழுக்கு மஞ்சள் என்று எழுதி, பக்கத்தில் ஒரு வரி எழுதும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறாள்.